மூன்று பெரியசாமிகளில் மிஞ்சியவர்

கண்ணு,

வாசலூர்பட்டி ஏரியில் தண்ணீர் வற்றிப் படகெல்லாம் சேற்றில் உட்கார்ந்துவிட, டவுனிலிருந்து வந்தவர்கள் படகுக்கு முன்னால் நின்று போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போன கோடை அது. அதே வருஷம் ஐப்பசியில் அடைமழை பிடித்து மலை ரோட்டில் ஒரு கொண்டை ஊசி வளைவின் சுவர் சரிந்தது. கீழிருந்து வரும் பஸ் அங்கேயே நின்றுவிடும். ஜனங்கள் இறங்கி, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து, மேலே நிற்கும் இன்னொரு பஸ்ஸில் ஏறி வருவார்கள். மிளகுக் கொடியில் வாடல் விழுந்ததும் அந்த மழையில்தான். உன் அக்கா கோமதியின் சின்னவனுக்கு முடி இறக்கியதும் அந்த வருஷம்தான். ஏரி காய்ந்த பிறகு, சுவர் சரிவதற்கு முன்பு, நீ லீவு போட்டு வந்து மூன்று ஊர்க் கிழவர்களின் பேச்சைப் போனில் பதிந்துகொண்டு போனாய். எனக்கு எழுத்து தெரியாது. வருஷத்துக்கு எண் உண்டு என்று தெரியும், ஆனால் எண் என் மண்டையில் நிற்பதில்லை. படகு சேற்றில் உட்கார்ந்தது நிற்கிறது.

நான் சொல்லச் சொல்ல எழுதுவது கோமதி. மத்தியானம் அவள் கடைக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்து உட்கார வைத்திருக்கிறேன். "ஏனுங்கப்பா, போன்ல பேசினா முடிஞ்சு போறதுக்கு எதுக்குங்க இத்தன எழுத்து?" என்று கேட்டாள். போனில் பேசினால் நீ 'ம்' கொட்டுகிறாய். ஊருக்கு வா என்றதும் "சாப்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா" என்று பேச்சை மாற்றிவிடுகிறாய். காகிதத்திடம் பேச்சை மாற்ற முடியாது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இதை உனக்கு அனுப்புவதற்கு முன்னால் காட்டுக் கமிட்டியில் எல்லார் முன்னாலும் கோமதி படிப்பாள். நடந்தது அவர்களுக்கும் முழுசாகத் தெரியட்டும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் தலையிலிருந்து சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

எடப்புளி நாடு, குண்டூர் நாடு, வாசலூர்பட்டி என்று மூன்று ஊர்ப்பக்கமும் முட்டுகிற இடத்தில் கோயில் காடு இருக்கிறது. அதற்குள் ஓர் ஊற்று. மூன்று பக்கத்து மரவள்ளிக்கும் வாழைக்கும் அந்தத் தண்ணீர்தான் இறங்குகிறது. எனக்கு மீசை அரும்பிய வயசில் அளவைக்காரர்கள் மலைக்கு வந்து, கோயில் காடு எதுவரை, அரசாங்கக் காடு எதுவரை என்று சுற்றிலும் கல் நட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் ஓர் இளவட்டம் கூடப் போய்த் தன் பக்கத்து எல்லையைக் காட்டினான். அந்தக் கல்லில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. பாதியை மாட்டுக் கொட்டகைக்குப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அதில் கமிட்டியில் உட்கார்ந்திருக்கும் சிலருடைய அப்பன்மாரும் உண்டு. இப்போது அரசாங்கக் காட்டைச் சுற்றிப் புது வேலி வரப்போகிறது. பழைய கோடு தெரிந்தால் ஊற்று நம் பக்கம். தெரியாவிட்டால் வேலிக்கு அந்தப் பக்கம். கமிட்டி மூலமாகக் கோயில் காட்டுக்கு உரிமை மனு கொடுத்தோம். பழைய காகிதம் எங்கே தேடியும் கிடைக்கவில்லை. விசாரிக்க வந்த ஆபீசர் தன்மையான ஆள். "கூட நடந்தவங்க உசுரோட இருந்தா அவங்க வாயால சொல்றதப் பதிஞ்சு கொண்டாங்க, அதுவும் சாட்சிதான்" என்றார்.

நான் அந்தக் கல் நட்ட வாரம் மலையில் இல்லை. மிளகைத் தலைச்சுமையாக எடுத்துக்கொண்டு அடிவாரத்தில் இபுராகிம் பாய் மண்டிக்குப் போனவன், காய்ச்சல் கண்டு அவர் வீட்டிலேயே படுத்துவிட்டேன். பாயின் சம்சாரம் கஞ்சி ஊற்றி எழுப்பி அனுப்பினார்கள். இந்த மலையில் யார் கல்யாணத்துக்கு யார் வரவில்லை, யார் எந்தப் பாறையில் வழுக்கி விழுந்தான் என்பதெல்லாம் கேட்டால் சொல்வேன். அந்தக் கோடு மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நீ இவ்வளவு அலைந்திருக்க வேண்டாம்.

கூட நடந்த மூன்று பேரும் அன்றைக்கு உயிரோடு இருந்தார்கள். மூன்று பேருக்கும் பேர் பெரியசாமி. வெளியூரில் சொன்னால் சிரிப்பார்கள். நம் பக்கம் மூத்த மகனுக்குச் சாமி பேர் வைக்க வேண்டும், அதுவே அவன் தாத்தன் பேராகவும் இருக்கும். அதனால் எந்த ஊரில் போய்க் கூப்பிட்டாலும் இரண்டு பெரியசாமியாவது திரும்பிப் பார்ப்பார்கள். நமக்குள் குழப்பம் வராது, ஏனென்றால் யாரையும் நாம் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எடப்புளிப் பெரியசாமி ஊற்றுக்காட்டார். குண்டூர்ப் பெரியசாமி பாறையடியார். வாசலூர்பட்டியில் இருந்தவர் சந்தையில் அன்னாசி விற்றவர், அவர் சந்தைக்காரர்.

மூன்று பேரிடமும் நான்தான் உன்னைக் கூட்டிப் போனேன். ஊற்றுக்காட்டார் போனை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள பேசினா யாரு கேப்பாங்க சாமி?" என்றார். "ஆபீசருங்க எல்லாரும் கேப்பாங்க தாத்தா" என்றாய். "அப்பிடியா, இரு, வெத்தலயத் துப்பிட்டு வாரேன்" என்று எழுந்து போய் வாய் கொப்பளித்து, தலைப்பாகை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பாறையடியார் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு கல்லும் எந்த மரத்துக்கு எந்தப் பக்கம் என்று ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுவது போல் சொல்லிக்கொண்டே போனார். சந்தைக்காரர்தான் நம்மைப் பாடாய்ப் படுத்தினார். கோட்டைப் பற்றிக் கேட்டால் தன் ரெண்டாம் கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். நான் நடுவில், "மாமா, கல்லு, கல்லு" என்று இடித்தேன். "அதுக்குத்தான் வாரேன் மாப்ள, பொறு, மொதல்ல இந்தப் பொம்பள எங்கூட்டுக்கு வந்த கதயக் கேளு" என்றார். வரும் வழியெல்லாம் நீ சிரித்துக்கொண்டே வந்தாய். அப்படி நீ சிரித்து அப்புறம் நான் பார்க்கவில்லை.

நீ போன பிறகு நடந்ததை நீ சொல்லி நான் புரிந்துகொண்டது இது. தப்பாக இருந்தால் கோமதி திருத்துவாள். உங்கள் ஆபீஸ், இடத்தை வாடகைக்கு விடுகிற ஆபீஸ். அந்த இடத்துக்குச் சுவரும் கிடையாது, கதவும் கிடையாது. எங்கேயோ இருக்கிற மெஷினுக்குள் இவ்வளவு இடம் உனக்கு என்று பிரித்துக் கொடுப்பது. அதில் பைலை ஏற்றுவதற்குப் படத்தைத் தொடுவது, அமுக்குவது எதுவும் இல்லை. கறுப்புத் திரையில் எழுத்தால் ஒரு வரிக் கட்டளை போட வேண்டும். எப்படிப் போடுவது என்று சொல்லித்தர ஆபீஸே புத்தகத்துப் பக்கம் மாதிரி ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறது. நீ கிழவர்கள் பேச்சை ஊருக்கு ஒரு போல்டராகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் பேரே வைத்தாய். எடப்புளிக்குள் ஒரு பெரியசாமி, குண்டூருக்குள் ஒரு பெரியசாமி, வாசலூர்பட்டிக்குள் ஒரு பெரியசாமி. உன் கம்ப்யூட்டரில் அது சரியாகத்தான் இருந்தது. நாம் ஊரை வைத்து ஆளைப் பிரிக்கிற மாதிரியே நீயும் பிரித்திருக்கிறாய். பிறகு அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கட்டளை போட்டாய்.

"கட்டளையில ஒரு நட்சத்திரம் போட்டேனுங்கப்பா, எல்லாப் போல்டர்லயும் இருக்கறத எடுத்துக்கன்னு அர்த்தம். அது போல்டர விட்டுட்டு உள்ள இருந்தத மட்டும் எடுத்துட்டுப் போயிருச்சு. மூணு பேரும் ஒரே எடத்துக்குப் போயிட்டாங்க" என்றாய். முதலில் போன ஊற்றுக்காட்டார் மேல் பாறையடியார் உட்கார்ந்தார். பாறையடியார் மேல் சந்தைக்காரர் உட்கார்ந்தார். கீழே இருந்த இரண்டு பேரும் இல்லாமல் போனார்கள். மெஷின் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாம் ஏறிவிட்டது என்று மட்டும் சொன்னது. போனில் இடமில்லை என்று அதில் இருந்ததை அழித்தாய். ஆபீஸில் கம்ப்யூட்டரை மாற்றிக் கொடுத்தபோது பழையதைத் துடைத்துவிட்டார்கள். மேலே பத்திரமாக இருக்கிறதே என்று நீயும் கவலைப்படவில்லை. பத்திரமாக இருப்பதற்குத்தானே ஏற்றினாய்.

மற்றது ஊருக்கே தெரியும், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அடுத்த வருஷம் சாமை அறுப்புக்கு முன்னால் ஊற்றுக்காட்டார் தவறிப்போனார். அவர் மகன் ராசு உனக்குப் போன் போட்டு, "அப்பன் பேசினது வெச்சிருக்கீல்ல சாமி, கருமாதி அன்னிக்கு எல்லாரும் ஒருக்காக் கேக்கட்டும், அனுப்பி வுடு" என்று கேட்டான். நீயும் பேரைப் பார்த்து அனுப்பிவிட்டாய். ராசு ஸ்பீக்கர் செட் வைத்து, சொந்தக்காரர்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் போட்டான். ஸ்பீக்கரிலிருந்து, "அவ எங்கூட்டுக்கு வந்தப்ப ஒரு கோழியும் ஒரு ஒரலும் கொண்டாந்தா" என்று குரல் வந்தது. ஜனம் திகைத்துப் போய் இருக்கும்போது பந்தலில் உட்கார்ந்திருந்த சந்தைக்காரர், "அட, இது நாந்தானுங்களே!" என்று எழுந்து நின்றார். நாலு பேர் சிரித்துவிட்டார்கள். ராசு சிரிக்கவில்லை. செட்டை நிறுத்தினான், ஒயரைச் சுருட்டினான், காட்டுப் பக்கம் போய்விட்டான்.

அதற்குள் பாறையடியாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு விழுந்துவிட்டது. கையைக் காட்டிக் காட்டி என்னவோ சொல்லப் பார்ப்பார். மார்கழிப் பனியில் அவரும் போனார். போன தையில் சந்தைக்காரரும் போனார். அவர் இருந்தவரைக்கும் கமிட்டிக்காரர்கள் கூட்டிப் போய்க் காட்டச் சொன்னார்கள். அவர் தன் பக்கத்துக் கல் இரண்டைக் காட்டிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று உட்கார்ந்துவிட்டார்.

கருமாதி நடந்ததைக் கோமதி உனக்குப் போனில் சொன்னாள். அன்றையிலிருந்து நீ மலை ஏறவில்லை. இரண்டு பொங்கல் போய்விட்டது. நீ அழுதது, ஆபீஸில் ஆள் ஆளாகப் போய்க் கேட்டது, மேலே எழுதினது எழுதினதுதான், திரும்ப எடுக்க வழியில்லை என்று அவர்கள் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தை எழுதினவர் மேல் உனக்கு இருந்த கோபமும் தெரியும். அவர் பொய் எழுதவில்லை என்றும் நீதான் சொன்னாய். இந்தக் கட்டளை பைலை ஏற்றும் என்று எழுதியிருந்தார், ஏற்றியது. போல்டரோடு போகுமா, அங்கே அதே பேரில் ஒன்று இருந்தால் என்ன ஆகும், அதைத்தான் எழுதவில்லை.

எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன். நீ பிறப்பதற்கு முன்னால் நம் ஊருக்குக் கரண்ட் கம்பம் வந்தது. லாரிக்காரர் இறங்கி, "எங்கீங்க எறக்கறது?" என்று கேட்டார். ரோட்டோரம் நின்ற நாங்கள் அத்தனை பேரும் ஒரே வாயாக, "கோயில்கிட்ட எறக்கீருங்க" என்றோம். அவர் கீழ்க்கோயில்கிட்ட இறக்கிவிட்டு மலை இறங்கிப் போய்விட்டார். வேண்டியது மேல்கோயில்கிட்ட. எங்களுக்குக் கோயில் என்றால் மேல்கோயில்தான், கீழே இருப்பது கீழ்த்தெருக்காரர்களுக்குத்தான் கோயில். அந்த நேரத்தில் இன்னொன்று இருப்பதே எங்கள் யார் நினைப்பிலும் வரவில்லை. அத்தனை கம்பத்தையும் தோளில் தூக்கி ஏற்றினோம், எனக்குத் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. உன் அம்மா மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டே, "இத்தன ஆம்பளைங்க நின்னீங்க, எந்தக் கோயில்னு சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலீங்களா?" என்று கேட்டாள். அந்தப் பக்கத்தை எழுதினவரும் எங்களை மாதிரி ரோட்டோரம் நின்ற ஆள்தான்.

நீ அந்தப் பக்கத்தைத் திருத்துகிற வேலைக்கே கேட்டு வாங்கிப் போனாய். மற்ற வேலையில் சீக்கிரம் மேலே போகலாமாம், எழுதுகிற வேலையில் போக முடியாதாம், கோமதியின் வீட்டுக்காரர் சொன்னார். நீ கேட்கவில்லை. உன் மேலதிகாரி, "இதைப் படிக்கிறவங்க எல்லாம் விஷயம் தெரிஞ்சவங்க, இவ்வளவு நீட்டி எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க" என்றாராம். விஷயம் தெரிந்தவள்தானே நான், நானே விழுந்தேன் என்று பதில் சொன்னதாகச் சொன்னாய். எழுதினதை ஒரு நாள் போனில் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினாய். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பாதியில் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. கோமதிதான் முழுக்கக் கேட்டாள். அவளுக்கும் பாதி விளங்கவில்லை. விளங்கிய பாதியை அப்புறம் எனக்குச் சொன்னாள். கட்டளைக்கு முன்னாலேயே, இது போல்டரை எடுத்துப் போகாது, உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துப் போகும் என்று போட்டிருக்கிறாய். அங்கே அதே பேரில் ஏற்கனவே ஒன்று இருந்தால் கேட்காமல் அழித்துவிட்டு உட்காரும், பழையது கிடைக்காது என்று தனியாகக் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறாய். போல்டரோடு போக இன்னொரு கட்டளை. எதையும் ஏற்றாமல், எது எங்கே போகப்போகிறது என்று மட்டும் முதலில் காட்டச் சொல்கிற கட்டளை ஒன்று.

அதுகூட எனக்குப் பெரிசில்லை. கீழே உதாரணம் போட வேண்டுமாம். ஒன்று, இரண்டு என்று எண் வைத்தால் போதும் என்று ஆபீஸில் சொன்னார்களாம். நீ கேட்காமல் மூன்று போல்டர் போட்டு, மூன்றுக்கும் நம் மூன்று ஊர்ப் பேரும், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பெரியசாமியும் வைத்திருக்கிறாய். கோமதி போனில் எடுத்து அந்த எழுத்தைக் காட்டினாள். எனக்கு அது இங்கிலீஷா தமிழா என்றே தெரியாது. "இதாப்பா ஊத்துக்காட்டாரு, இது பாறையடியாரு, இது சந்தைக்காரரு" என்று விரல் வைத்து வைத்துக் காட்டினாள். மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தது. எந்தெந்தத் தேசத்திலோ இருந்து வந்து படிக்கிறவர்கள் இனிமேல் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். நல்ல வேலை செய்தாய் கண்ணு. இனி யாருடைய பேச்சும் அப்படிப் போகாது. ஆனால் அது அடுத்தவர்களுக்கு. இங்கே வேலிக்குக் குழி தோண்ட ஆள் வரப்போகிறது. ஆடி முடிந்ததும் ஆபீசர் கடைசியாக ஒரு தடவை வருகிறார். அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் அவரிடம் காட்ட முடியாது.

ஊரில் யாரும் உன்னை ஒன்றும் சொல்லவில்லை என்று கோமதி உன்னிடம் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய், அவளையே எழுத வைக்கிறேன். ராசு சொன்னான். டீக்கடையில் என் முகத்துக்கு நேராக, "எங்கப்பன ரெண்டாந் தடவ சாவடிச்சது உம் புள்ளைதாங்க" என்றான். கடையில் இருந்தவர்கள் டம்ளரைப் பார்த்தார்கள். நான் டீயைக் குடித்து முடித்தேன். "ஆமா ராசு" என்றேன். வேறு என்ன சொல்ல? என் டீக்கும் சேர்த்து அவனே கொடுத்துவிட்டுப் போனான். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்துதான் நீ இரண்டு வருஷமாக வராமல் இருக்கிறாய். அதை நான் வாங்கிவிட்டேன். வலித்தது. வாங்கின பிறகு மறுநாளும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டத்தான் வேண்டியிருந்தது.

இப்போது நான் இதை எழுத வைத்த காரணத்துக்கு வருகிறேன். சந்தைக்காரர் போன பிறகு, அவருடைய குரல் மட்டும்தான் மிச்சம் இருக்கிறதே என்று கோமதி அதைக் கடையில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரைக்கும் நாங்கள் யாரும் அதை முழுக்கக் கேட்டதில்லை. கோழி, உரல் என்று ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவோம். இவள் சரக்குக் கட்டிக்கொண்டே விட்டுவிட்டாள். ரெண்டாம் கல்யாணம் முடிந்து, மாமியார் சண்டை முடிந்து, நான் 'கல்லு, கல்லு' என்று இடிப்பதும் வந்து, அப்புறம் அவர் சொல்கிறார்: "கல்லு நட்டப்ப எம் புது வேட்டி போச்சு மாப்ள. ஒவ்வொரு கல்லுக்கும் சுண்ணாம்பு அடிக்கோணும்னாங்க. கொடத்துல கரச்சு ஒரு புள்ள சொமந்துட்டு வந்துச்சு. வெளயாட்டுப் புள்ள, எம் வேட்டியெல்லாம் தெளிச்சு வுட்ருச்சு. ஏம் புள்ள இப்பிடிப் பண்றேன்னா, நீங்க உங்க பக்கத்தோட ஊட்டுக்குப் போயிருவீங்க, நாந்தான் மூணு பக்கமும் சுத்தோணும்னு எதுத்துப் பேசுது!"

கோமதி கடையை அப்படியே விட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவன்தான், அன்றைக்கு அது என் காதில் ஏறவே இல்லை. ஆம்பளைகள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம்தான் நடந்திருக்கிறார்கள். சுண்ணாம்புக் குடம் தூக்கினவள் முழுக்கோடும் நடந்திருக்கிறாள். முதல் கல்லிலிருந்து கடைசிக் கல்வரைக்கும் தன் கையால் பூசியிருக்கிறாள். யார் யார் நடந்தார்கள் என்று கமிட்டி கேட்டபோது நாங்கள் எல்லாரும் மூன்று பேர் என்றே சொன்னோம். குடம் தூக்கினவளை யாரும் நினைக்கவில்லை.

அது யார் வீட்டுப் பெண் என்று கண்டுபிடிப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அந்தக் காலத்தில் சுண்ணாம்புக் கல் சுட்டவர்கள் நம் பக்கம் ஒரே வீட்டுக்காரர்கள்தான். அந்த வீட்டில் எத்தனை பெண், எந்தெந்தப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மூத்தவள் சின்ன வயசில் அம்மை கண்டு இறந்தாள். நடுவில் உள்ளவள் ராசிபுரத்துப் பக்கம் போய் அங்கேயே இறந்தாள். கடைசிப் பெண்ணைக் குண்டூர் நாட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்குப் போய் நான் சாப்பிட்டிருக்கிறேன், மொச்சைக் குழம்பில் உப்பு இல்லை. போன வாரம் ராசுவின் ஜீப்பில் போனோம். ஆமாம், ராசுவின் ஜீப்தான். விஷயத்தைச் சொன்னதும், "ஏறுங்க" என்றான், அவ்வளவுதான்.

அந்தம்மா மரவள்ளி வெட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயம் சொன்னதும், "கல்லா? அதெல்லாம் எதுக்குங்க இப்ப?" என்றார்கள். வேலி, மனு, பதிந்த பேச்சு தொலைந்தது எல்லாம் சொன்னோம். வெட்டினதைக் கூடையில் போட்டுக்கொண்டே, முதல் கல் பெரிய நாவல் மரத்துக்குக் கிழக்கே, அடுத்தது பன்றிப் பள்ளத்துக்கு மேலே என்று ஆரம்பித்தார்கள். ராசு பதறிப் போனை எடுத்தான். "வெய்யி அத" என்றார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. "முன்னாடி ஒரு புள்ள வந்து எல்லாத்தையும் பதிஞ்சுட்டுப் போயித் தொலைச்சுருச்சுன்னு சொன்னீங்களே, அந்தப் புள்ளையே வரட்டும். தொலைச்சவதான் இனிமே பத்திரமா வெப்பா. நீங்கெல்லாம் அரக்கப் பரக்க எடுத்துட்டுப் போவீங்க" என்றார்கள். ராசு என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். திரும்பி வரும்போது பாதி வழியில் அவனாகவே, "எப்ப வாராளுன்னு கேட்டுச் சொல்லுங்க, செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கே ஜீப் கொண்டாரேன்" என்றான்.

அதனால் வா கண்ணு. ஆடிக்குள் வா. ஸ்வீட் பெட்டி, புடவை என்று எதுவும் தூக்கிக்கொண்டு வராதே. ராசு ஜீப்போடு நிற்பான், முன்சீட்டில் ஏறு, அவன் ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள், சொல்லாவிட்டால் நீயே ஆரம்பி. பதிந்ததை எத்தனை இடத்தில் வைக்க வேண்டுமோ அத்தனை இடத்தில் வை, அது உனக்குத் தெரிந்த வேலை, நான் சொல்ல ஒன்றுமில்லை. கோடு முழுக்க அந்தம்மாவை நடக்க வைக்க முடியாது. ராசுவும் கமிட்டிப் பையன்களும் நாற்காலி கட்டித் தூக்குவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "சுண்ணாம்புக் கொடம் ஒண்ணும் சொமக்கச் சொல்ல மாட்டீங்கல்ல?" என்று கேட்டுச் சிரித்தார்கள். காது கேட்கிறது, கண்ணும் தெரிகிறது, ஆனால் இந்த மழைக்காலம் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியும். ஆபீசருக்குக் கொடுக்கிற மனுவில், அன்றைக்குக் கல் நட்டபோது கூட நடந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பவர் என்று ஒரு பேர் எழுத வேண்டும். கோமதி, அதைப் பெரிய எழுத்தாக எழுது. குண்டூர் நாடு, சுண்ணாம்பு சுட்ட வீட்டுக் கடைசி மகள், கொழந்தாயி.